எந்த உயரத்தில் கேட்கிறாய்

சைலன்சரை மாற்றியது வெள்ளிக்கிழமை.
எல் ஆல்ட்டோ சந்தையில், பழைய டயர்க் குவியலுக்கும்
வறுத்த சோளம் விற்பவளுக்கும் நடுவே
எந்த வண்டியிலிருந்தோ கழன்று வந்து கிடந்த குழாய்.
நுனியில் யாரோ ஆணியால் கீறிய பாதிப் பெயர்.

அன்று மாலை வண்டி பாடியது என்று சொல்ல மாட்டேன்.
நெடுநாள் சளி இறங்கியவன் மாதிரி
தொண்டையைத் திறந்து பேசியது, அவ்வளவுதான்.
தெரு நாய்கள் மட்டும்
மரியாதையாக எழுந்து நின்றன.

"ட்யூனிங் வேண்டுமா?"
செனோபியா டிக்கோனா வாயில் திருகாணி வைத்திருந்தாள்.
துப்பிவிட்டுக் கேட்டாள்:
"கடைசித் துண்டு மட்டுமா, முழுக் குழாயுமா?"
"முழுசும்."
"ஏர் ஃபில்டர்?"
"அதுவும். கொஞ்சம்."
"கொஞ்சம் என்றால்? பெட்டியில் ஓட்டை போட்டாயா?"
நான் இல்லிமானி மலையைப் பார்த்தேன்.
அன்று அது மிகத் தெளிவாகத் தெரிந்தது.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி
வெளிச்சத்தில் திருப்பினாள்.
"போன மாதம் இது சட்டியடிக் கரி.
நாலாயிரம் மீட்டரில் காற்று கஞ்சன்,
உன் கார்புரேட்டரோ ஊதாரி.
இப்போது பார், காப்பித்தூள் நிறம்.
கூடுதலாகக் குடித்ததற்குக்
கூடுதலாக மூச்சு கிடைத்துவிட்டது.
ஒன்றும் வேண்டாம், போ."

உதைத்துக் கிளப்பினேன்.
அவள் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.
கையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை
பின்பெட்டியில் பதினேழு மூக்குக்கண்ணாடிகள்,
கொரோய்க்கோ பள்ளி ஆசிரியர்களுக்கு.
ஒவ்வோர் உறையிலும் ஒரு பெயர், இரண்டு எண்கள்,
வலது கண்ணுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று.

லா கும்ப்ரே கணவாய்வரை குறையில்லை.
அப்புறம் சாலை கீழே விழத் தொடங்கியது.
முதலில் கையுறையைக் கழற்றினேன், பிறகு மேல்கோட்டை.
இலைவாசனையோடு காற்று கெட்டியாகி
என் நெஞ்சை நிரப்பிற்று.
அதே காற்றுதான் எஞ்சினுக்குள்ளும்.
எனக்கு விருந்து.
அதற்குக் குழம்பில்லாத சோறு.

கைப்பிடியை மூடும்போதெல்லாம் படார்.
ஒரு கோவேறு கழுதை மிரண்டு ஓடியது.
அதன் சொந்தக்காரி அய்மாராவில் திட்டியது
மூன்று வளைவு தாண்டியும் கேட்டது,
குழாயையும் மீறி.
முழுக்கத் திறந்தால் இழுக்கவில்லை.
குனிந்தேன்: குழாயின் கழுத்து நீலம்.
அவ்வளவு அழகான நீலம்.
வயிற்றைக் கலக்கியது.

யோலோசாவில் நிறுத்திக் கழற்றிய பிளக்
சுண்ணாம்பு வெள்ளை.

போன் செய்தேன்.
"எங்கே ஓட்டப் போகிறாய் என்று கேட்டேனே," என்றாள்.
"உன் குழாய்தான் கேட்க விடவில்லை."
"அப்படியானால் ட்யூனிங் வேண்டுமா, வேண்டாமா?"
"இங்கே வேண்டாம். அங்கே வேண்டும்."
"குழாய் ஒன்றுதானே?"
"காற்று ஒன்றா?"
பின்னால் யாரோ கூப்பிட, வைத்துவிட்டாள்.

ஓரக்கடைப் பையன் ஒரு தகரடப்பாவைக் கவிழ்த்தான்.
மிளகளவு பித்தளை ஜெட்டுகள்,
எறும்புக்காகப் பொறித்தது போல் எண்கள்.
பையனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.
பின்பெட்டியைத் திறந்தேன்.
ஆசிரியை ரெமேடியோஸ் காயே, மன்னிக்கவும்:
உங்கள் கண்ணாடியை
நான்கு நிமிடம் நான் போட்டுக்கொண்டேன்.
சாலை ஒருபக்கம் சரிந்தது,
மலை மூக்குமேல் வந்து உட்கார்ந்தது,
உள்ளங்கையில் மட்டும்
நூற்றுப் பதினைந்து பளிச்சென்று எழுந்தது.

மாட்டினேன்.
படார் ஓய்ந்தது. நீலம் போகவில்லை,
அது இனிப் போகாது.
கண்ணாடியைத் துடைத்து உறையில் வைத்தேன்.

கணவாய் ஏறுமுன் மறுபடி மாட்ட வேண்டிய பழைய ஜெட்
சட்டைப்பையில், சில்லறையோடு கிடந்தது.
கொரோய்க்கோ தேநீர்க்கடையில்
காசென்று நினைத்து அதையும் எண்ணிக் கொடுத்துவிட்டேன்.
கடைக்காரி விரல்நுனியில் உருட்டிப் பார்த்தாள்,
துளை வழியாக ஒருமுறை
வானத்தையும் பார்த்தாள்.
பிறகு திருப்பித் தந்து
மீதிக் காசு கேட்டாள்.